அபெனிசாவின் திருப்புதல் பாடங்கள்

வுனிந்தோங்கோ,
மே 26

என் கெலிக்குட்டி,

உன் கடிதத்தை வண்டிக்காரர் கொண்டுவந்து தந்தார். சோப்பும் கறுப்புத் துணியும் வந்தன. துணி நல்ல துணி. ஆனால் எனக்கு இன்னொரு கறுப்புத் துணியை அனுப்பிவிட்டு, அதே கடிதத்தில் கறுப்பைக் கழற்றும் நாள் எப்போது என்றும் கேட்கிறாயே, இதில் எதை நான் எடுத்துக்கொள்வது?

நாள் இப்போது சொல்ல முடியாது. நூறாம் இரவு தாண்டிவிட்டது, எனக்கும் தெரியும். பாய்கள் பின்னி முடியவில்லை. எங்கள் தாழையெல்லாம் வெள்ளத்தில் அழுகிப்போனது. மேட்டு ஊரில் கேட்டு வாங்கிவந்து இப்போதுதான் காயப்போட்டிருக்கிறேன். வந்தவர்களுக்கு இடித்துக் கரைத்துக் குடிக்கக் கொடுக்க யங்கோனா வேரும் போதாது. பன்றி இன்னும் கொழுக்கவில்லை. உன் புருஷன் சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் கறுப்பைக் கழற்றவும் வருவார்கள். அவர்களுக்கு வெறும் மரவள்ளிக்கிழங்கைப் போட்டு அனுப்பினால் என் மகனுக்குத்தான் அவமானம்.

நீ எதற்கு அவசரப்படுகிறாய் என்று தெரியும். பரீட்சைக்கு. அவனை அடக்கம் செய்த அன்று எல்லோரும் பாயில் உட்கார்ந்து, துக்கத்துக்காக எதை விடுகிறோம் என்று ஒவ்வொருவராகச் சொன்னோம். பெரியப்பா யங்கோனா குடிப்பதை விட்டார். மச்சான்மார் சவரத்தை விட்டார்கள். நான் நண்டை விட்டேன், அது அவனுக்கு உயிர் என்பதால். பக்கத்து வீட்டுத் தோரிக்கா தேங்காய்ப்பாலை விடுகிறேன் என்றாள். ஒரு வாரம் தாங்குவாளா என்று அந்த அழுகையிலும் நாலு பேர் சிரித்தார்கள். உன் முறை வந்தபோது நீ, "நான் அவரு குரலை விடறேன்" என்றாய்.

கிழவிகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். செத்தவன் குரலை இனி எங்கே கேட்கப் போகிறாள், இது என்ன விடுவது என்று நானும் நினைத்தேன். அவன் தன் பாடத்தையெல்லாம் போனில் பேசிப் பதிந்து பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அழுத அழுகையில் உனக்கும் அது நினைவில் வரவில்லை போலிருக்கிறது. என்ன செய்வது, சொன்னது சொன்னதுதான். அவன் வீட்டார் நாங்கள் சோறு போட்டுக் கறுப்பைக் கழற்றுகிற நாளில்தான் அது அவிழும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பாடங்கள் மேல் எனக்கு ஆசை கிடையாது. வெள்ளம் வடிந்ததும் மற்ற வாத்தியார்கள் தங்கள் தங்கள் வீட்டைக் கழுவினார்கள். இவன் பள்ளிக்கூடத்தில் நிலப்படங்கள் வைத்திருக்கிற அறையைக் கழுவினான். காகிதக்கூழில் செய்த மலைகளையும் தீவுகளையும் முழங்கால் சேற்றில் நின்று ஒவ்வொன்றாக வெளியே தூக்கி வைத்தான். எலி செத்த சேறு. இவன் காலில் புண். காய்ச்சல் வந்து படுத்தபோது எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், அதற்குள் எல்லாம் முடிந்தது. அந்த அட்டை மலைகள் காய்ந்து நன்றாகவே இருக்கின்றன என்று நீதான் எழுதியிருக்கிறாய். இருக்கட்டும்.

சேப்பங்கிழங்கு அனுப்பியிருக்கிறேன். அடி கறுத்திருந்தால் அதை மட்டும் வெட்டிப்போட்டுவிட்டு அவித்துக்கொள்.

உன் அத்தை,
உனைசி


லம்பாசா,
ஜூன் 7

அன்புள்ள அத்தைக்கு,

கிழங்கு நன்றாக வந்து சேர்ந்தது. பக்கத்துக் குடியிருப்பில் அவினேஷ் மாஸ்டர் வீட்டுக்கும் கொடுத்தேன். அவர் மனைவி பதிலுக்குப் புளிக்குழம்பு கொடுத்தார். தனியாக இருப்பவளுக்கு ஒரு கிண்ணம் குழம்பு மூன்று வேளைக்கு வருகிறது.

அத்தை, பன்றி கொழுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஈஸ்டருக்கு நான் வந்தபோதே அது கொழுப்பில் எழுந்து நடக்க முடியாமல் படுத்துக்கிடந்தது. நான்தான் அதற்குச் சோறு வைத்தேன்.

என் நிலைமையைச் சொல்கிறேன். நான் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் நடத்திக்கொண்டிருந்தவள். இப்போது அவருடைய பதின்மூன்றாம் வகுப்புப் புவியியலை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆண்டுக் கடைசியில் அரசுப் பரீட்சை. அவர் பதிந்து வைத்தவை திருப்புதல் பாடங்கள். பிள்ளைகள் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிற வண்டியில் கேட்டுக்கொண்டே போவதற்காகச் செய்தவை. ஆறு, கடற்கரை, புயல், மக்கள்தொகை, நிலப்படம் வாசிப்பது என்று எல்லாம் இருக்கின்றன. இந்த ஆண்டு பாடத்திட்டத்தில் சிலவற்றை எடுத்துவிட்டார்கள், சில புதிதாக வந்திருக்கின்றன. அவர் சொல்லும் மக்கள்தொகைக் கணக்கு பழையது. கடலரிப்பால் இடம் மாறப்போகிற ஊர் என்று ஒரு ஊரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்த ஊர் இடம் மாறியே முடித்துவிட்டது. இதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து கேட்டு, வேண்டாததை வெட்டி, மாறியதைத் திரும்பப் பேசிச் சேர்க்க வேண்டும். போனுக்குப் போன் மாறி அந்தப் பாடங்கள் எங்கெங்கோ வேறு பள்ளிகளுக்கும் போய்விட்டன.

அவினேஷ் மாஸ்டரைக் கேட்கச் சொன்னேன். அவர் கணக்கு வாத்தியார், இருந்தாலும் நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கேட்டுவிட்டு வந்து, "மேடம், பாதி பாடம், பாதி உங்க ஊர்க்கதை. யாருங்க அந்த தோரிக்கா? அவங்க வீட்டுக் கக்கூஸ் ஆத்துல விழுந்தது பரீட்சையில வருமா வராதா?" என்று கேட்டார். எதை வைப்பது, எதை வெட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். என்னால்தான் கேட்க முடியாது.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். மீனையும் கிழங்கையும் விட்டு அவருக்குத் துக்கம் காட்டுவது சின்ன விஷயமாகத் தோன்றியது. என்னிடம் இருந்தவற்றில் பெரியது எது என்று தேடினேன், அதுதான் வாயில் வந்தது.

தயவு செய்து நாளைச் சொல்லுங்கள்.

கெலேரா


வுனிந்தோங்கோ,
ஜூன் 23

கெலி,

பன்றியைப் பற்றி நீ எழுதியதைத் தோரிக்காவிடம் சொன்னேன். "மருமக வாத்தியாராச்சே, பொய் சொன்னா கண்டுபிடிக்கத்தானே செய்வா" என்றாள். அவள் என் அண்ணன் பெண்டாட்டி, என்னைக் கேலி செய்வதற்கென்றே கடவுள் சுவருக்கு அந்தப் பக்கம் குடிவைத்தார்.

சரி. ஆமாம், தள்ளிப்போடுகிறேன்.

முதலில் கோபத்தில் தள்ளிப்போட்டேன். இப்போது அது இல்லை. போன கடிதத்தை உனக்கு அனுப்பிய அந்த வெள்ளிக்கிழமை நான் அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தேன். தோரிக்காவின் மகள் மிலிகா விடுதியிலிருந்து வந்திருந்தாள், உன் வகுப்புப் பிள்ளைதான். அம்மாவும் மகளும் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. திடீரென்று என் மகன் பேசினான்.

நான் ஊதுவதை நிறுத்திவிட்டேன். அவன், "வெளிவளைவுல தண்ணி வேகமா ஓடும், அங்கே கரையைத் தின்னும். உள்வளைவுல மெதுவா ஓடும், அங்கே மண்ணைப் போடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எந்த அவசரமும் இல்லாமல், எனக்கு விறகு எங்கே அடுக்குவது என்று சொல்கிற மாதிரி சொன்னான். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம் சொன்னான், "எங்க அம்மா சமையல்கட்டை ரெண்டு தடவை பின்னாடி தள்ளிக் கட்டிட்டாங்க. ஏன்னு அவங்களைக் கேட்டா ஆத்துக்கு என்மேல ஆசைம்பாங்க. பரீட்சையில அப்படி எழுதாதீங்க, பக்கவாட்டு அரிப்புன்னு எழுதுங்க." சுவருக்கு அந்தப் பக்கம் மிலிகா சிரித்தாள். நான் அப்படிச் சொன்னதே எனக்கு மறந்துவிட்டது, கெலி. அவன் அதை எடுத்து வைத்திருக்கிறான்.

அன்றிலிருந்து பிள்ளை வருகிற நாளெல்லாம் தோரிக்கா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். பாதி புரியவில்லை. கோடு கிட்டக்கிட்ட இருந்தால் மலை செங்குத்து, தள்ளித்தள்ளி இருந்தால் சரிவு என்பது புரிந்தது. மிலிகா நிறுத்தி நிறுத்தித் திருப்பிச் சொல்வாள். அவள் தப்பாகச் சொன்னால் மறுபடி போடுவாள், அவன் மறுபடி சொல்வான். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான், சலிக்கமாட்டான்.

நாளைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நீ கேட்பாய், வெட்டுவாய். பிள்ளைகள் பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றிக்கொள்வார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வேறு குரல் கேட்கும். ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளேன் என்று தோரிக்கா சொல்கிறாள். எனக்கு ஒருத்திக்கு மட்டும் கேட்கிற குரல் செத்தவன் குரல்தான். பிள்ளைகள் கேட்டுத் திருப்பிச் சொல்கிறவரைக்கும் அவன் வாத்தியார்.

அப்புறம் நீ. கறுப்பைக் கழற்றிய பெண்ணைப் பிடித்து வைக்க எங்களுக்கு உரிமை கிடையாது. உன் அப்பா வீட்டார் பாயும் திமிங்கிலப் பல்லும் கொண்டுவந்து வைத்து உன்னைத் திரும்பக் கேட்பார்கள். நான் கொடுக்கத்தான் வேண்டும். உனக்கு இன்னும் வயது இருக்கிறது, அது நியாயம்தான். நியாயம் என்பதற்காக நானே கதவைத் திறந்து வைக்க வேண்டுமா?

இதுதான் காரணம். பன்றி கொழுத்துத்தான் இருக்கிறது.

உனைசி


லம்பாசா,
ஜூலை 2

அத்தைக்கு,

நீங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கிறீர்கள். நான் சுவர் எங்கே இருக்கிறது என்று பார்த்து ஓடுகிறேன்.

மதிய இடைவேளையில் பிள்ளைகள் மாமரத்தடியில் அவரைப் போட்டுக் கேட்கிறார்கள். நான் வருவதைப் பார்த்தால் ஒருத்தி போனை அணைத்துவிடுவாள், எனக்காகத்தான். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். நான் போன பிறகு திரும்பப் போடுவார்கள். அதனால் இப்போதெல்லாம் நான் விளையாட்டு மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போகிறேன். இந்தத் தீவில் அவர் குரலைக் கேட்கக் கூடாத ஒரே ஆள் அவர் பெண்டாட்டி.

போன் மேசையில் இருக்கிறது. நான் தனியாக இருக்கிறேன். கேட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. கேட்கவில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. நீங்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க ஒரு வார்த்தை சொன்னேன், அது அவருக்காகச் சொன்னது. அதை நானே மேசையில் உட்கார்ந்து அவிழ்த்துக்கொண்டால் அப்புறம் அவருக்கென்று நான் செய்தது எதுவும் மிச்சமில்லை.

நீங்கள் பயப்படுவதைப் பற்றிப் பொய் சொல்லமாட்டேன். வெட்டத்தான் செய்வேன். தப்பான கணக்கோடு பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்ப முடியாது. என் அப்பா வீட்டார் கேட்டார்கள், அதுவும் உண்மை. நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

நான் இனி நாள் கேட்டு எழுதமாட்டேன். சொல்வது உங்கள் உரிமை.

கெலேரா


வுனிந்தோங்கோ,
ஜூலை 19

கெலிக்குட்டி,

மிலிகா போன வெள்ளிக்கிழமை அழுதுகொண்டே வண்டியிலிருந்து இறங்கினாள். நடுவருடப் பரீட்சையில் அந்த இடம் மாறிய ஊரைப் பற்றிப் பெரிய கேள்வி வந்ததாம். நீ வகுப்பில் புதிதாகச் சொல்லிக்கொடுத்தாயாம். இருந்தாலும் அவள், "சார் சொன்னதுதான் சரியா இருக்கும்" என்று நினைத்து, ஊர் இன்னும் கடற்கரையிலேயே இருக்கிறது என்று எழுதிவிட்டாளாம். நீ தப்புப் போட்டிருக்கிறாய்.

தோரிக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா. துருவியபடியே என்னைப் பார்த்து, "உன் மகன் என் மகளைத் தோக்கடிச்சுட்டான்" என்றாள். வழக்கமான கேலிதான். வேறொரு நாள் என்றால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் மிலிகா கத்திவிட்டாள், "சார் தப்பா சொல்லமாட்டாரு, டீச்சர்தான் தப்பு." அவள் அம்மா அவளை அதட்டினாள். பிள்ளை போனை எடுத்து அந்த இடத்தைப் போட்டுக் காட்டினாள். அவன், "இந்த ஊர் சீக்கிரம் மேட்டுக்குப் போயிடும், போனதும் நான் உங்களுக்கு வந்து சொல்றேன்" என்று சொன்னான்.

தோரிக்கா துருவலை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள்.

கெலி, அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே ஒரு தப்பைச் சொன்னால் திரும்ப வந்து திருத்தாமல் சாப்பிடமாட்டான். யாருடைய படகு எத்தனை மணிக்குப் போனது என்று மாற்றிச் சொல்லிவிட்டால்கூட, படுத்தவன் எழுந்துவந்து, "இல்லம்மா, அது வேற படகு" என்பான். இப்போது அவனைத் திருத்த விடாமல் பிடித்து வைத்திருப்பது நான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் அதே தப்பைச் சொல்ல வேண்டும், நான் உட்கார்ந்து கேட்டு மனம் குளிர வேண்டும். அது எனக்கு நன்றாக இருக்கிறது, அவனுக்கு நன்றாக இல்லை.

மிலிகாவிடம் டீச்சர் போட்டதுதான் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்டு முதல் சனிக்கிழமை. பெரியப்பாவிடம் பேசிவிட்டேன். உன் அப்பா ஊருக்கும் ஆள் போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை வண்டியிலேயே வந்துவிடு, மண்ணடுப்புக்குக் கல் பொறுக்க ஆள் குறைகிறது. பூப்போட்ட துணி உனக்கு நான் எடுத்து வைத்திருக்கிறேன், நீ வாங்காதே. நீலத்தில்தான் கிடைத்தது.

அத்தை


லம்பாசா,
செப்டம்பர் 5

அன்புள்ள அத்தைக்கு,

அன்று நான் சாப்பிடாமல் கிளம்பியதாகத் தோரிக்கா மாமி சொல்லி அனுப்பியிருக்கிறார். சாப்பிட்டேன் என்று அவரிடம் சொல்லுங்கள். பேசத்தான் முடியவில்லை. நீங்கள் என் தோளிலிருந்து கறுப்பை எடுத்து அந்த நீலத் துணியைப் போர்த்தியபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். பேசினால் இரண்டு பேருமே அழுதிருப்போம். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது.

வேலை முடிந்துவிட்டது. முதல் பாடத்தைப் போட்டுவிட்டு எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அதைப் பற்றி எழுத வரவில்லை. அப்புறம் பேனாவை எடுத்தேன். சரியாக இருந்த இடங்களில் அவரை அப்படியே விட்டிருக்கிறேன். ஆறு முழுக்க அவர்தான், உங்கள் சமையல்கட்டும் இருக்கிறது. மாறிய இடங்களில் நான் பேசியிருக்கிறேன். "சார் சொன்ன அந்த ஊர் மேட்டுக்குப் போய்விட்டது" என்று தொடங்கிச் சொல்லியிருக்கிறேன். அவினேஷ் மாஸ்டர் கேட்டுவிட்டு, "புருஷன் பொண்டாட்டி மாத்தி மாத்திப் பேசுற வீடு மாதிரி இருக்கு மேடம், ஒரே வித்தியாசம், உங்க ரெண்டு பேருக்கும் சண்டை வரலை" என்றார். மிலிகாவிடம் முதலில் கொடுத்தேன்.

இதோடு ஒரு சின்ன ஒலிப்பெட்டியும் அதில் போடுகிற மெமரி அட்டையும் வைத்திருக்கிறேன். மிலிகா எப்படிப் போடுவது என்று காட்டுவாள். பாடத்துக்கு வேண்டாமென்று வெட்டியவை அதில் இருக்கின்றன. இருமல், நாய் குரைப்பது, மழை வந்து தகரத்தில் விழுந்து அவர் நிறுத்திக்கொள்வது, தோரிக்கா மாமி அவரிடம் உப்பு கேட்பது. பரீட்சைக்கு ஒன்றும் உதவாது. எறிய மனமில்லை. ஒன்றுவிடாமல் வரிசையாகச் சேர்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் பதிந்தவை நிறைய.

ஒரு செய்தி. ஆண்டு முடிந்ததும் என் அப்பா ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றம் கேட்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு இல்லை. இந்தக் குடியிருப்பில் இனி இருக்க முடியவில்லை. கப்பலில் ஒரு இரவுதான்.

கெலி


வுனிந்தோங்கோ,
செப்டம்பர் 17

கெலிக்குட்டி,

ஒலிப்பெட்டி வந்தது. பயப்படாதே, உன் மேல் வருத்தம் இல்லை. போ. கப்பலில் ஒரு இரவு என்பது தூரம்தான், ஆனாலும் கிழங்கு கெடாமல் போய்ச்சேரும்.

புதுப் பாடத்தை மிலிகா போட்டுக் காட்டினாள். நீ நன்றாகப் பேசுகிறாய். கொஞ்சம் வேகம், அவன் மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசு. பிள்ளை உன்னோடும் அவனோடும் சேர்ந்து திருப்பிச் சொல்கிறாள். இந்த முறை அந்த ஊரை மேட்டில் வைத்துவிட்டாள்.

நீ வெட்டியதை மட்டும் நான் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. தோரிக்காவுக்கும்கூட. அவள் உப்பு கேட்பது அதில் இருக்கிறது என்று தெரிந்தால் ஊரையே கூட்டிவிடுவாள். மீன் காயப்போட்டுவிட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்து தனியாகக் கேட்டேன். இருமினான். கோழியை விரட்டினான். தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்தான், அப்புறம் "அட, மறந்துட்டேன்" என்றான். அப்புறம் ஒரு பொம்பளை கத்தினாள். யார் இவள் இப்படிக் கத்துகிறாள் என்று பார்த்தேன், நான்தான்.

"அபெனிசா, கிழங்கு ஆறுது. வந்து சாப்பிடு" என்கிறேன்.

அவன், "இதோ வர்றேம்மா, இந்த ஒரு ஆறு முடிஞ்சுடட்டும்" என்கிறான்.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை, அங்கே முடிந்துவிடுகிறது. நான் எத்தனையோ முறை போட்டுவிட்டேன். எந்த நாள் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். பள்ளி விடுமுறைக்கு வந்தவன் தினம் அந்த மூலையில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருப்பான், யாரோடோ பேசுகிறான் என்றுதான் நினைத்தேன். நானும் தினம் கூப்பிட்டிருப்பேன். சில நாள் வருவான். சில நாள் நான் மூடி வைத்துவிட்டு நண்டுக்குப் போய்விடுவேன். எல்லா நாளும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது, இந்த நாளை மட்டும் தனியாக எடுக்க முடியவில்லை. நீ அப்போது இங்கே இல்லை, லம்பாசாவில் இருந்தாய், அதுவும் எனக்குத் தெரியும். இருந்தாலும் எல்லாவற்றையும் கேட்டவள் நீதான், வேறு யாரிடம் கேட்பேன்.

அன்றைக்குக் கிழங்கு சூடாக இருக்கும்போதே அவன் வந்து சாப்பிட்டானா, கெலி?